திரும்பி நிற்பவள்

கடைக்குள் டெஸ்மண்ட் இருக்கிறான் என்று தெரிந்தால் நோலா அக்கா உள்ளே வரமாட்டாள். பெட்ரோல் பம்பின் நிழலில் நாய்களோடு நிற்பாள். அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான் என்று யாராவது குரல் கொடுத்த பிறகுதான் மாவும் சர்க்கரையும் வாங்க வருவாள். டெஸ்மண்டும் அப்படித்தான். எந்த முக்கில் திரும்பினாலும் முதலில் ஒரு இருமல் இருமுவான். அவன் நெஞ்சில் சளி இல்லை என்பது கிளினிக்கில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். மாமியார் அந்தப் பக்கம் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதற்கான இருமல் அது.

இந்தப் பாலைவனப் பழங்குடி ஊரான மூன்றுபாறையில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பேச்சு கிடையாது, பேர் சொல்வது கிடையாது, ஒரே வண்டியில் ஏறுவதும் கிடையாது. இது பகையில்லை. பெண்ணைக் கொடுத்தவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இந்த மணலில் கிடையாது.

இதில் நானும் மாட்டிக்கொண்டேன். இங்கே நர்ஸாக வந்த முதல் கோடையிலேயே நோலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ என் தங்கச்சி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அக்காவின் மகள் ராலீனுக்கும் டெஸ்மண்டுக்கும் கல்யாணமானது. ராலீனுக்கு நான் சித்தி என்றால் டெஸ்மண்டுக்கு நானும் மாமியார். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலும் அவன் இருமுகிறான். அவனுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றால் வேறு நர்ஸ் விமானத்தில் வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், பழைய படங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை டெஸ்மண்டுக்குக் கிடைத்ததுதான் வேடிக்கை.

கடைக்குப் பின்னால், முன்பு இறைச்சி வைத்திருந்த குளிர் அறையைப் படவீடு என்று ஆக்கியிருந்தார்கள். நகரத்து அருங்காட்சியகங்களிலிருந்தும், பழைய பாதிரிமார் வீட்டுப் பரண்களிலிருந்தும் எங்கள் ஊர்க்காரர்களின் படங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. டெஸ்மண்ட் ஒவ்வொன்றாகத் திரையில் போடுவான். பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, இது இன்னார், இந்தத் தண்ணிக்குழி இன்ன இடம், அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று சொல்வார்கள். அவன் அதைப் பதிவு செய்து படத்தோடு சேர்த்து வைப்பான். சமீபத்தில் செத்துப்போனவர்களின் முகத்துக்கு மேல் கறுப்புச் சதுரம் போட்டு வைப்பான். குரலையும் மூடி வைப்பான். துக்கம் ஆறி, குடும்பத்தார் வந்து "திறக்கலாம்" என்று சொன்னால்தான் திறப்பான்.

அந்த வருஷம் அடிலெய்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஒரு காலத்தில் ஒட்டகங்களோடு இந்தப் பக்கம் வந்து, மாவும் தேயிலையும் கொடுத்து, காட்டுநாய்த் தோல் வாங்கிப்போன வியாபாரி ஒருவர் எடுத்த படங்கள். அவருடைய பேத்தி பரணில் தகர டப்பாக்களைக் கண்டு அனுப்பியிருந்தாள்.

செய்தி கேட்ட அன்று நோலா அக்கா கிளினிக்குக்கு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பது பேச்சுக்கு. நாயின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவி வந்தாள்.

"தங்கச்சி, அந்தாளு படத்துல எங்கம்மா இருக்கா."

"யாருக்கா சொன்னது?"

"எங்கக்கா சாகறதுக்கு முந்தி சொல்லியிருக்கா. நாய்த்தோல்காரன் படம் எடுத்த அன்னைக்கு அம்மாவும் அங்கதான் நின்னாளாம். மறு கோடையில காய்ச்சல் வந்து போயிட்டா. எனக்கு அவ முகமே தெரியாதுடி. நான் இடுப்புக் குழந்தை."

அவளுடைய வலது கண் போன குளிர்காலத்திலேயே அணைந்துவிட்டது. இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு ஓட்டை மட்டும் மிச்சம். அதுவும் புகை படிந்த கண்ணாடி மாதிரி. சொட்டு மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது என்று கண் டாக்டர் அவளிடமே சொல்லிவிட்டார்.

"இது மூடறதுக்குள்ள எங்கம்மா முகத்தப் பாத்துட்டேன்னா போதும்," என்று இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அப்புறம் இருட்டானாலும் உள்ள ஒரு படம் இருக்கும்ல."

அவள் கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, அவளோடு படவீட்டுக்கு நடந்தேன்.

மாமியாரும் மருமகனும் சேர்ந்து படம் பார்க்க ராலீன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். படவீட்டின் பின்பக்கம் கிளைகளை வெட்டிப் போட்டு ஒரு பந்தல். அம்மா அங்கே கம்பளி விரித்து, சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார வேண்டும். டெஸ்மண்ட் உள்ளே இரும்பு அலமாரிக்கு மறைவில், காதில் ஹெட்போனோடு. ராலீன் நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் இங்கும் அங்கும். சின்னத் திரை ஒன்றைக் கையில் கொண்டுவந்து அம்மாவின் மூக்குக்குக் கிட்டே பிடிப்பாள்.

"இது யாரும்மா?"

"கிட்ட கொண்டா. இன்னும் கிட்ட. இது… தொப்பி போட்டவரா? ஒட்டகத்துக்குப் பக்கத்துல? கிளாரி! எங்கக்கா புருஷன்! அடி ஆத்தி, எவ்வளவு ஒல்லி பாரு. என்னய வளத்த மனுஷன்டி, உனக்குத் தாத்தா மாதிரி."

"கிளாரி தாத்தாவாம்," என்று ராலீன் உள்ளே குரல் கொடுத்தாள்.

"எந்தத் தண்ணின்னு கேளு," என்றான் டெஸ்மண்ட் உள்ளேயிருந்து.

"எந்தத் தண்ணின்னு கேக்கறாரும்மா."

"எனக்கும் காது கேக்குது. கண்ணுதான் போச்சு," என்றாள் அக்கா. "வெள்ளைப்பாறைத் தண்ணின்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

"அவருக்கும் காது இருக்கும்மா."

"இருந்தா? நீ சொல்லு."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பிரசவத்துக்கு நாள் நெருங்கினால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆலிஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். சிறு விமானம் வந்து ராலீனை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஏறும்போது அவள் சொன்னது எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். "சித்தி, படத்த நிறுத்திடாதீங்க. நான் வர்றதுக்குள்ள கண்ணு போயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

நடுவில் போய்வர இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. என்னால் ஆகாது, நானும்தான் மாமியார். கடைசியில் டெஸ்மண்டின் அக்கா மேவிஸ் வந்தாள். கடையில் சிப்ஸ் பொரிக்கிறவள். ஊரிலேயே பெரிய குரல். பொறுமை மட்டும் கொஞ்சம் மட்டு.

நோலா அக்கா ஒரு படத்துக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால் குளிர்காலம், மழை, பல்லி வேட்டை, யார் யாரை அடித்தார்கள் என்று நிழல் நகரும்வரை சொல்வாள். முழுவதும் கேட்டுவிட்டு மேவிஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "தெரியாதாம்!" என்பாள்.

"ஏண்டி, இவ்வளவு சொன்னனே!"

"அவளத் தெரியுமா தெரியாதா? தெரியாது. அதத்தான் சொன்னேன். சுருக்கமா."

"உன் தம்பி மிசின் சுருக்கமா கேக்கலடி, நீளமாத்தான் கேக்குது. போய் முழுசாச் சொல்லு."

"அதுக்குள்ள என் எண்ணெய் கருகிடும் அத்தே."

இப்படியே வெள்ளைப்பாறைத் தண்ணியின் படங்கள் எல்லாம் தீர்ந்தன. எத்தனையோ முகங்களுக்குப் பேர் கிடைத்தது. வேறு வீட்டுக்காரர்கள் தங்கள் தாத்தாவைப் பார்த்தார்கள், அழுதார்கள், பிரிண்ட் போட்டு வாங்கிப் போனார்கள். அக்காவின் அம்மா மட்டும் எதிலும் இல்லை.

கடைசிப் படம் முடிந்த அன்று அக்கா நேரே வீட்டுக்குப் போனாள். வீட்டு முற்றத்தில் முல்கா மர விறகைக் கொளுத்தி, கங்காரு வாலை மயிர் பொசுங்க நெருப்பில் புரட்டினாள். சுரண்டினாள். குழியில் தணலுக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். கைக்குக் கண் வேண்டியதில்லை. நெருப்பின் சூடு எங்கே எவ்வளவு என்று கைக்கே தெரியும். வெந்த பிறகு தோலை உரித்து, கொழுப்பு வழியும் நடுத்துண்டை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். தனக்கு எடுக்கவில்லை.

"சாப்பிடுக்கா."

"எங்கக்கா பொய் சொல்ல மாட்டா," என்றாள். "அம்மா நின்னான்னா நின்னா. நடந்து போகும்போது அவ பின்னாடியே நான் விழுந்து எழுந்து ஓடுவேனாம். அவ முதுகு மட்டும் எனக்குக் கொஞ்சம் ஞாபகம். அதுகூட நெசமா, அக்கா சொல்லிச் சொல்லி வந்ததா, தெரியல."

"இன்னும் ஏதாவது வரும்க்கா."

"வரும். என் கண்ணு வராது."

தனக்குரிய துண்டை அவள் ஃபேன்டாவுக்குப் போட்டாள். ஃபேன்டா அவளுடைய செம்பட்டை நாய். அந்த வீட்டில் அன்று வயிறு நிறையத் தின்றது அது ஒன்றுதான்.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்தே காற்று சரியில்லை. மேற்கேயிருந்து சூடாக அடித்தது. அக்கா மறுபடி பந்தலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "முதல் படத்துலேர்ந்து திரும்பப் போடச் சொல்லு," என்று மேவிஸிடம் சொன்னாள். மேவிஸ் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில் மேற்கு வானம் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. அது நடந்து வந்தது. கடைக் கூரையின் தகரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பந்தல் கிளைகள் பறந்தன. அக்காவை இழுத்துக்கொண்டு எங்கே ஓடுவது? பக்கத்தில் இருந்த ஒரே கதவு படவீட்டின் பின்கதவுதான். தோளால் இடித்துத் திறந்து உள்ளே விழுந்தோம்.

டெஸ்மண்ட் ஹெட்போன் மாட்டியிருந்தான். காற்றின் வேகத்தில் காகிதங்கள் பறந்தபோதுதான் திரும்பினான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் யார் என்று புரிந்துகொண்டான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அலமாரியில் போய் முட்டிக்கொண்டான். பிறகுதான் இருமினான். அடுக்கடுக்காக இருமினான். பாவம், இனிமேல் அந்த இருமலால் என்ன பயன்?

நோலா அக்கா கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து, என்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டு, மூலைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள். "வெளிய போயிடலாம் தங்கச்சி," என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"வெளிய போனா செத்துடுவோம்க்கா."

"இங்க இருந்தா வெக்கத்துல செத்துடுவேன்."

கதவு தாழ் பிடிக்காமல் திறந்து திறந்து அடித்தது. டெஸ்மண்ட் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, எங்களுக்கு முதுகு காட்டியபடியே கதவின் மேல் சாய்ந்து நின்றான் என்பது சத்தத்தில் தெரிந்தது. ஃபேன்டாவும் உள்ளே வந்திருந்தது கம்பளி இடுக்கில் தெரிந்தது. அறையின் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த உரிமை அதற்கு மட்டும்தான் இருந்தது.

வெளியே உறுமல்.

"ஃபேன்டா," என்றான் டெஸ்மண்ட்.

அக்காவின் விரல்கள் என் கையில் இறுகின.

"ஃபேன்டா, உன்கிட்டத்தான் பேசறேன். வேற யாருகிட்டயும் நான் பேசல. சரியா?"

நாயின் வால் தரையில் தட்டுவது கேட்டது.

"இப்ப இந்த ரூம்ல ரெண்டு பேரு சுவத்தப் பாத்து நிக்கிறாங்க. தலைக்கு மேல கம்பளி. நான் பாக்கல, ஆனா எனக்குத் தெரியும். ஏன் அப்படி நிக்கிறாங்க? நான் உள்ள இருக்கேன், அதனால." அவன் கதவை இன்னும் அழுத்தும் சத்தம் கேட்டது. "எனக்குப் பக்கத்துல மேசைத் திரையில அந்த மொதப் படம் இருக்கு ஃபேன்டா. ஒட்டகம், தொப்பி போட்டவரு, உக்காந்திருக்கிற ஜனங்க. ஓரத்துல ஒரு பொம்பள. தலையில துணி. முதுகக் காட்டி நிக்கிறா."

அக்கா அசையவில்லை.

"எத்தன தடவ இந்தப் படத்தப் பாத்திருப்போம்? திரும்பி நிக்கிற பொம்பளய உத்துப் பாக்கறது மரியாதை இல்லன்னு எல்லாரும் அவளத் தாண்டித் தாண்டிப் போயிட்டோம். மேவிஸ் தாண்டினா. ராலீன் தாண்டினா. நானும்தான். வெள்ளைக்காரன் படத்துக்குக் கீழ 'கூச்சப்படும் பெண்' அப்படின்னு எழுதி வச்சிருக்கான். அவ கூச்சத்துலயா நிக்கிறா ஃபேன்டா? யாருக்காக அவ திரும்பி நிக்கிறா?"

கம்பளிக்குள் அக்காவின் மூச்சு சூடாக என் கன்னத்தில் பட்டது. தொண்டையைச் செருமினாள். பிறந்ததிலிருந்து கட்டிக்காத்த ஒழுங்கு அந்தச் செருமலில் தடுமாறுவதை உணர்ந்தேன். பிறகு சொன்னாள்:

"ஃபேன்டா. அந்தப் படத்துல எத்தன ஆம்பள இருக்கான்னு கேளு."

"ரெண்டு சின்னப் பயலுக. அவங்க கணக்குல வரமாட்டாங்க. பெரிய ஆம்பள தொப்பி போட்டவரு ஒருத்தருதான் ஃபேன்டா. கிளாரி தாத்தா."

"கிளாரி எங்கக்கா புருஷன்." அக்கா என் கையைக் குலுக்கினாள். "அவருக்காகத் திரும்பி நிக்கிறவ அவரு மாமியார்."

"அவசரப்படாத ஃபேன்டா," என்றான் டெஸ்மண்ட். "மாமியார் முறைக்கு நெறயப் பேரு இருப்பாங்க. சித்தியும் மாமியார்தான். இந்த ரூம்லயே ரெண்டு பேரு இல்லயா?"

"அந்தக் கோடையில எங்கம்மா கூடப்பொறந்தவங்க ஒருத்தரும் வெள்ளைப்பாறையில இல்ல நாயே! எல்லாரும் தெக்க உப்பு ஏரிப் பக்கம் போயிட்டாங்க. அம்மா மட்டும் போகல. ஏன் போகல? நான் நெருப்புல கால வச்சுச் சுட்டுக்கிட்டேன், நடக்க வைக்க முடியாதுன்னு இங்கயே தங்கிட்டா. எங்கக்கா டேப்புல சொல்லியிருக்கா. போன வருஷம் அவ குரலத் திறக்கலாம்னு நான்தான் சொன்னேன். போட்டுக் கேட்டுப் பாரு!"

"ஆமா ஃபேன்டா," என்றான் அவன் மெதுவாக. "டேப்புல இருக்கு. நான் கேட்டிருக்கேன். உப்பு ஏரி, சுட்ட காலு, எல்லாம் இருக்கு."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. குளிர் அறையாக இருந்த இடம். ஜன்னலும் புழுதியில் மூடிக்கொண்டதால் கும்மிருட்டு. அந்த இருட்டில் நோலா அக்கா சிரித்தாள். சின்னப் பெண் மாதிரி.

"தங்கச்சி, எங்கம்மா முதுகு எனக்கு ஞாபகம்னு சொன்னேன்ல? நெசந்தான்டி. பொய்யில்ல."

பிறகு நாயிடம் கேட்டாள்: "முதுகு கெடச்சுது. முகம்?"

"அவ பாவாடையில பின்பக்கம் கோடு போட்ட கம்பளித் துண்டு ஒட்டுப் போட்டிருக்கு ஃபேன்டா," என்றான் டெஸ்மண்ட். "அத அடையாளமா வச்சுத் தேடலாம். நாம திறக்காத டப்பா ஒண்ணு பாக்கி இருக்கு."

காற்று அடங்கியதும் கதவைத் தள்ளிக்கொண்டு மேவிஸ் வந்தாள். தலை முதல் கால் வரை செம்மண். எங்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு மாமியாரும் ஒரு மருமகனும் ஒரே பொட்டிக்குள்ளயா! ஐயோ, இதச் சொன்னா ஊரு ஒரு வாரத்துக்குச் சோறு சமைக்காது!"

"சொல்லு," என்றாள் அக்கா, கம்பளிக்குள்ளிருந்தே. "ஆனா நாங்க ஒண்ணும் பேசிக்கல. நாய்கிட்டத்தான் பேசினோம்."

"நாய்கிட்டயா? அப்ப என் வேலையும் போச்சா?"

"அது உன்ன மாதிரி சுருக்கறதில்லடி."

திறக்காத டப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் மூடியில் கிழக்கே உள்ள ஒரு மாட்டுப் பண்ணையின் பேர் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் வேறு. அவர்களுடைய செத்தவர்களை அவர்களுக்கு முன்னால் நாம் பார்க்கக் கூடாது என்று டெஸ்மண்ட் அதைத் தனியே எடுத்து வைத்திருந்தான். மேவிஸின் புருஷனுக்கு அங்கே ஒரு பெரியம்மா. மேவிஸ் கடைப் போனில் அவளைப் பிடித்தாள். அவள் போட்ட சத்தத்துக்குப் போன் இல்லாமலே கிழக்கே கேட்டிருக்கும். பெரியம்மா நாலு பேரைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை பதில் சொன்னாள். "பாருங்க. எங்க ஆளுக இருந்தா மூடி வைங்க, நாங்க வர்றோம். உங்க ஆளுக இருந்தா எடுத்துக்குங்க. பாத்துட்டு என்னன்னு எனக்கும் சொல்லணும், ஆமா."

அன்று மத்தியானம் புழுதிக்குப் பின்னாலேயே மழை வந்தது. பெரிய மழையில்லை, மண் வாசனை எழுப்புகிற அளவு. நான் கிளினிக்கில் ஒரு குழந்தையின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மேவிஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சிப்ஸ் கரண்டி கையிலேயே இருந்தது.

"இருக்கா! இருக்கா! முகத்தோட இருக்கா! வெள்ளைப்பாறைப் படம் ஒண்ணு அந்த டப்பாவுல மாறிக் கெடந்திருக்கு!"

"அக்காகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லல. அவன் சொல்ல வேணாங்கறான். சின்னப் படத்துல அவங்களுக்கு மங்கலாத்தான் தெரியுமாம். பெருசாக் காட்டணுமாம். நாளைக்கு ராலீனும் பிள்ளையோட வர்றா." அதைச் சொல்லிவிட்டு மேவிஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். "சொல்லாம நான் எப்படி இருக்கறது? எனக்கு வாயி அப்படி இல்லயே!"

இருந்தாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் விமானம் இறங்கியது. ராலீன் கையில் துணிச்சுருளாக ஒரு பெண் குழந்தை. நேரே கடை முற்றத்துக்குத்தான் வந்தாள். கடையின் பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. ஊரே கம்பளிகளோடு வந்து உட்கார்ந்திருந்தது. சாம்பலில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. தகர டப்பாவில் தேத்தண்ணி கொதித்தது. டெஸ்மண்ட் படம் காட்டும் கருவியை டொயோட்டாவின் பின்னால் வைத்துவிட்டு வண்டிக்குள் மறைவாக உட்கார்ந்திருந்தான். இருமல் மட்டும் வந்தது.

நோலா அக்காவை நான் சுவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். வெளிச்சம் மங்கியது. சுவர் முழுக்க ஒரு பெண் எழுந்து நின்றாள்.

தண்ணீர்க் குழியிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தவள். தலைத்துணி பின்னால் சரிந்திருந்தது. கோடு போட்ட கம்பளி ஒட்டு பாவாடையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. தூரத்தில் ஒட்டகங்கள் போய்க்கொண்டிருந்தன. தொப்பிக்காரர் அவற்றோடு போய்விட்டார். அவர் போய்விட்டதால் இவள் திரும்பிவிட்டாள். நேராக எங்களைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் இடது பாதத்தில் கந்தல் துணிக் கட்டு.

நான் குனிந்து அக்காவின் இடது பாதத்தைப் பார்த்தேன். எத்தனையோ முறை மருந்து தடவிய அந்தப் பழைய சுட்ட தழும்பு செம்மண்ணில் பளபளத்தது.

"என்ன தெரியுதும்மா?" என்றாள் ராலீன்.

"ஒரு பல்லு தெரியுது. ஒரு கன்னம்." அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "துண்டு துண்டாத் தெரியுது. என்னப் பின்னாடி கொண்டு போ தங்கச்சி."

பின்னால் நடந்தோம். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். "இன்னும்," என்றாள். "இன்னும்." பெட்ரோல் பம்ப் வரை வந்துவிட்டோம். அங்கே அவள் நின்றாள். என் கையை விட்டாள். அவள் கண்ணில் மிஞ்சியிருந்த அந்தச் சின்ன ஓட்டைக்குள் அந்த முகம் முழுசாக வந்து அமர்ந்துவிட்டது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.



"இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "இது ராலீன் சிரிப்புடி." ராலீனைத் தேடிக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள். "அப்ப இவ்வளவு நாளும் எங்கம்மா முகத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல!"

அழுவாள் என்று நினைத்தோம். அவள் கையைத் தட்டினாள். தொடையில் தட்டித் தாளம் போட்டு, வெள்ளைப்பாறைத் தண்ணிக்கான பழைய பாட்டை எடுத்தாள். வயதான பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்துகொண்டார்கள். சுட்ட பாதத்தைத் தரையில் ஓங்கி ஓங்கி வைத்து அவள் ஆடினாள். புழுதி எழும்பவில்லை, மழை அதை அமர்த்தி வைத்திருந்தது. சுவரில் இருந்தவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் முடிந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, அவளே கூப்பிட்டாள். "ஃபேன்டா! மிசினப் போடச் சொல்லு. நான் சொல்லணும்."

அன்று அவள் சொன்ன கதை படவீட்டில் இருக்கிறது. மேவிஸ் சுருக்காத கதை.

காலையில் வெளிச்சம் நன்றாக இருந்தபோது, குழந்தையை வைத்து ஒரு குடும்பப் படம் எடுப்பது என்று ஆயிற்று. டெஸ்மண்ட் தூரத்தில் கேமராவை மூன்று கால் கட்டையில் பொருத்திவிட்டு விலகிப் போகப் பார்த்தான். அவன் எப்போதும் எல்லோரையும் படம் எடுப்பான். தான் எதிலும் இருக்கமாட்டான்.

"ஃபேன்டா," என்றாள் நோலா அக்கா, கேமராவைப் பார்க்காமல். "எங்கம்மாவக் கண்டுபிடிச்சவரு படத்துல நிக்கணும்னு சொல்லு. அவரு நிக்கலன்னா நானும் நிக்கல."

"ரெண்டு பேரும் எப்படிம்மா ஒரே படத்துல?" என்று ராலீன் திகைத்தாள்.

"எங்கம்மா நிக்கலயா? அப்படி."

டெஸ்மண்ட் தானாக எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வந்து ஓரத்தில் நின்றான், ஒரு இருமல் இருமிவிட்டு. மறு ஓரத்தில் அக்கா பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கம்பளியைத் தலைக்கு இழுத்தாள். திரும்பி நின்றாள். நானும் அவள் பக்கத்தில் திரும்பிக்கொண்டேன், நானும்தானே மாமியார்.

அந்தப் படம் இப்போது படவீட்டில், அந்தப் பழைய இரண்டு படங்களுக்கும் அடுத்ததாக இருக்கிறது. மேவிஸ் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நாய் நகர்ந்ததால் மங்கிவிட்டது. ஓரத்தில் இரண்டு முதுகுகள். அதில் ஒரு முதுகின் தோளுக்கு மேலே, பிறந்து சில நாளே ஆன ஒரு முகம், கண்ணை அகலத் திறந்து நேராகப் பார்க்கிறது.

கீழே என்ன எழுதுவது என்று டெஸ்மண்ட் நாயிடம் கேட்டான். அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதினான்:

"திரும்பி நிற்பவள் நோலா. கூச்சத்தால் அல்ல. மாப்பிள்ளை படத்தில் இருக்கிறார்."